ஃபைலில் பிறந்த இரண்டு பிள்ளைகள்

1

அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் நாராயண். பெண்கள் நல மருத்துவர். ஐம்பது வயது இருக்கலாம்.

ப்ரார்த்தனா. நர்ஸ்.

ஹில்டா. நோயாளி. வயது முப்பத்தேழு. மைசூர் விஜயநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர்.

மேக்ஸ்வெல், அதாவது நான். ஹில்டாவின் கணவன். மூன்று வருடமாக வேறு வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து ஆகவில்லை.

இரண்டு பிள்ளைகள். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. இரண்டும் உயிரோடு இருப்பதாக ஃபைல் சொன்னது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. பட்டியலின் கடைசி வரியிலிருந்து வந்தது. எனக்கும் ஹில்டாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆனால் மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஃபைலில் எங்களுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பதினேழு நாள் இருந்தார்கள். பிறகு ஒரு சிவப்புப் பேனா அவர்களை அடித்துவிட்டது.

எழுதப்போகிறேன் என்று ஹில்டாவிடம் போனில் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் இருந்தாள். பின்னால் யாரோ டிபன் டப்பா திறக்கிற சத்தம்.

"எழுதறதுன்னா எழுதுங்க. நாஞ்சொல்லாததை நாஞ்சொன்னேன்னு மட்டும் எழுத வேணாம்."

"கதைன்னா கொஞ்சம் சேர்க்கணும், ஹில்டா."

"உங்களப் பத்திச் சேத்திக்கங்க. அதுல நெறைய எடம் காலியா இருக்குது."

ஆகவே இதில் ஹில்டா பேசுகிற வரிகள் அவள் பேசியவை. நான் பேசுகிற வரிகளைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். அசலில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசவில்லை.

2

முதல் தொடக்கம்:

மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவள் ஒரு

(நிறுத்திவிட்டேன். சுவர் வெள்ளை இல்லை. மேலே வெளிர்பச்சை, கீழே அழுக்குத் தெரியாத பழுப்பு டைல்ஸ்.)

இரண்டாவது தொடக்கம்:

எட்டு வருடம் இரவெல்லாம் அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டு டைப் அடித்தவனுக்கு, தன் சொந்த மனைவியின் வலியை மட்டும்

(இதுவும் வேண்டாம். இந்த வாக்கியம் போகிற போக்கைப் பார்த்தால் கடைசியில் நான் அழ வேண்டியிருக்கும். ஆனால் தகவல் உண்மை. அங்கே டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வார். இங்கே நாங்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதை அடிப்போம். அங்கே பகல், இங்கே ராத்திரி. ஒரு நாள் ஷிஃப்ட் நடுவில் எழுந்து வந்துவிட்டேன். திரும்பப் போகவில்லை. காரணம் கேட்டார்கள். பசித்தது என்றேன்.)

மூன்றாவது தொடக்கம்:

மூன்று வருடம் கழித்து ஹில்டா போன் செய்தாள்.

இது போதும். இதை வைத்துக்கொள்கிறேன்.

"செவ்வாக்கெழம சும்மா இருப்பீங்களா?"

"எல்லா நாளும் சும்மாதான் இருக்கேன்."

"தெரியும். மரியாதைக்குக் கேட்டேன். ஒரு கையெழுத்துப் போடோணும்."

கையெழுத்து என்றதும் விவாகரத்துதான் நினைவுக்கு வந்தது. "வக்கீல் யாரு?" என்று கேட்டேன்.

"வக்கீல் இல்லீங்க. டாக்டரு."

சந்தோஷப்பட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் சந்தோஷப்பட்டேன். இந்த வரியைத் திருத்தாமல் விடுகிறேன்.

3

உடம்புக்கு இதுதான். பதினாலு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது. போர்டுப் பக்கம் திரும்பப் பயந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனால் ரத்தத்தின் அளவு பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. சர்ச்சிலும் ஸ்டாஃப் ரூமிலும் எல்லாரும் பீட்ரூட் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டாள். ரத்தம் ஏற்றுவது தன் வேலை என்று பீட்ரூட்டுக்குத் தெரியவில்லை.

முதல் தடவை டாக்டரிடம் தனியாகப் போனாள். டாக்டர் நாராயண் ஸ்கேனைப் பார்த்தார், ஃபைலைப் புரட்டினார், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். மூன்று நிமிடம்தான் ஆனது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை வைத்துக்கொள்ளும் ஆபரேஷன் ஒன்று உண்டு என்று ஹில்டா படித்திருந்தாள். தனக்கு அது சரிவருமா என்று கேட்க நினைத்தாள். கன்னடத்தில் ஆரம்பித்தாள்.

"டாக்டர், நனகெ ஒந்து யோசனெ இதெ."

கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். ஹில்டா ஹனூர்ப் பக்கத்துக்காரி, கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். கன்னடம் நன்றாகவே பேசுவாள். பதற்றமானால் மட்டும் தமிழில் நினைத்துக் கன்னடத்தில் சொல்லுவாள். அவள் சொல்ல வந்தது, 'எனக்கு ஒரு யோசனை இருக்கிறது.' ஆனால் கன்னடக்காரர் ஒருவர் 'யோசனெ இதெ' என்றால் மனதில் கவலை இருக்கிறது என்று அர்த்தம். டாக்டருக்கு அதுதான் கேட்டது.

"ஏனூ யோசனெ மாட்பேடி அம்மா," என்றார். ஒன்றும் கவலைப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். ஹில்டாவுக்குக் கேட்டது, ஒன்றும் யோசிக்க வேண்டாம் என்று.

இரண்டு பேருமே நல்ல மனதோடு பேசினார்கள். ஃபைலில் ஒரு வரி ஏறியது: நோயாளிக்குப் பயம் அதிகம், அடுத்த முறை கணவரை அழைத்து வரவும்.*

* அமெரிக்க டாக்டர்கள் 'வலி இல்லை' என்று எழுத மாட்டார்கள். 'நோயாளி வலியை மறுக்கிறார்' என்பார்கள். எட்டு வருடம் அதை அடித்தேன். நோயாளி காய்ச்சலை மறுக்கிறார். நோயாளி குடிப்பழக்கத்தை மறுக்கிறார். ஒரு நோயாளி டாக்டரை மறுத்ததாக ஒரு தடவைகூட அடித்ததில்லை.

4

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். ஹில்டா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அழகாக இருந்தாள் என்று எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். அழகாக இருந்தாள்.

கல்யாணமான புதிதில் என்னை 'ஏனுங்க' என்று கூப்பிடுவாள். அவள் ஊர்ப் பழக்கம் அது. பிரிந்த பிறகு முழுப்பெயர் வந்துவிட்டது. டோக்கன் வாங்க நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து "ஏனுங்க" என்று குரல் கேட்டது. மூன்று வருடம் கேட்காத சொல். டோக்கனை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

செக்யூரிட்டியிடம் டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சட்டையில் ஜடையன் என்று பெயர் இருந்தது. ஹனூர்ப் பக்கத்து ஆளாம். இரண்டே நிமிடத்தில் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து முடித்துவிட்டாள்.

திரும்பி வந்ததும் ப்ரார்த்தனாவின் மேஜைக்குப் போனாள். இரண்டு பேரும் பேசியது கன்னடம். தமிழில் எழுதுகிறேன். ப்ரார்த்தனாவின் கன்னடம் இதைவிடக் கறாராக இருந்தது.

"என் ஃபைலைக் கொஞ்சம் குடுங்க. படிச்சிட்டுத் தர்றேன்."

"பேஷன்ட் கையில குடுக்கறதில்ல மேடம்."

"அது யாரோட ஃபைல்?"

"உங்களோடது."

"அப்பறம்?"

"கூட வந்தவங்க கேட்டா காட்டுவோம்."

ஹில்டா என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். ஃபைல் வந்தது. மருத்துவம் படிக்காத, வேலையில்லாத, அவளோடு ஒரே வீட்டில்கூட இல்லாத என் கைக்கு ஒரு நொடியில் வந்தது. அதை அப்படியே அவளிடம் கொடுத்தேன்.

(அப்படி எழுதத்தான் ஆசை. முதலில் நான்தான் பிரித்தேன்.)

இரண்டாம் பக்கத்தில் நீல மையில் இருந்தது: பி2 எல்2. எட்டு வருடப் பழக்கம், கண் தானாக அங்கே நின்றது. பி என்றால் பெற்றது. எல் என்றால் உயிரோடு இருப்பது.

"ஹில்டா, இதுல உனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"எனக்கா?"

"ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"எப்பப் பொறந்துச்சாமா?"

"அது போடல."

"பேராவது போட்டிருக்குதா பாருங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிடோணுமல்ல."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அய்யோ. நாந்தான்."

"என்ன நீதான்?"

"பேரு பதியறப்ப ஒரு பொண்ணு கேட்டுச்சு, மக்களு எஷ்டுன்னு. அந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. நலவத்தெரடுன்னேன்."

"நாப்பத்தி ரெண்டா?"

"என்ற கிளாஸ்ல நாப்பத்தி ரெண்டு பேரு. மக்களு எத்தனைன்னா டீச்சரு வேற என்னத்தச் சொல்லுவா? அந்தப் பொண்ணு சிரிக்கும்னு நெனச்சேன். அது 'எரடா?'ன்னு கேட்டுச்சு. எனக்குத் தலையச் சுத்திட்டு இருந்துச்சு. ஆமான்னுட்டேன்."

கன்னடத்தில் எரடு என்றால் இரண்டு. பெற்ற பிள்ளைகளும் மக்களுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மக்களுதான். பதிவு மேஜைப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் யாருக்கும் இருக்காது. அவள் சரியாகத் திருத்திக்கொண்டாள்.

டாக்டருக்கு மூன்று நிமிடம் ஏன் போதுமானதாக இருந்தது என்று இப்போது புரிந்தது. வயது முப்பத்தேழு, பிள்ளைகள் இரண்டு, ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பை இனி எதற்கு?

ஃபைலில் இருந்திருக்க வேண்டிய வரி வேறு: ஜி1 பி0 ஏ1 எல்0. கருவுற்றது ஒருமுறை. பெற்றது இல்லை. கலைந்தது ஒன்று. இருப்பது இல்லை. அது கலைந்த அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். கம்பெனியில் போனை வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் எங்கோ இருக்கும் ஒரு பெண்ணின் கருச்சிதைவை டைப் அடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் அது ஒரு கிழவரின் முழங்கால்.

5

நான் படித்ததிலேயே மிகச் சிறிய கதை அந்த பி2 எல்2. இரண்டு எழுத்து, இரண்டு எண். எழுதியவளுக்குக் கதை எழுதுகிறோம் என்பதே தெரியாது. எனக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் முறை வர இன்னும் பதினோரு டோக்கன் இருந்தது. ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர்களை வளர்த்தேன்.

மூத்தவளுக்கு ஒன்பது வயது. பெயர் மரியா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. இளையவனுக்கு ஆறு வயது. பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு ஷூ எப்போதும் காணாமல் போகும். தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் அவனை ஸ்டூலில் உட்காரவைத்துப் புது ஷூ போட்டுப் பார்க்கிறோம். பெருவிரல் முட்டுகிறதா என்று ஹில்டா அமுக்கிப் பார்க்கிறாள். அவன் முட்டவில்லை என்கிறான். மரியா முட்டுகிறது என்கிறாள். நான் கடைக்காரரிடம் இன்னொரு சைஸ்

(போதும்.)

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், ஹில்டா கண்ணைத் திறந்து "இதைத் திருத்தோணும்" என்று சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல என் வாய் திறந்தது. திருத்தாவிட்டால் அவள் கர்ப்பப்பை போய்விடும். திருத்தினால்தான் நிஜத்தில் ஒரு பிள்ளைக்கு வழி இருக்கும். கணக்கு தெளிவாக இருந்தது. ஆனாலும் ஒரு விநாடி நான் ஃபைலின் பக்கம் இருந்தேன். அங்கே ஷூ கிடைக்காமல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். 'நிஜத்தில் ஒரு பிள்ளை' என்று எழுதிவிட்டேன். ஹில்டா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருத்த வேண்டும் என்று மட்டும்தான் சொன்னாள்.

6

கதவுக்கு வெளியே நிற்கும்போது சொன்னாள்:

"உள்ள நாம்பேசறேன். நீங்க தலையாட்டிட்டு இருந்தாப் போதும்."

"அதுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்திருக்கலாமே."

"பொம்மைக்குக் கையெழுத்துப் போட வராதல்ல."

உள்ளே போனோம். டாக்டர் நாராயண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கணவர் வந்துவிட்டார். சம்மதப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். கன்னடத்தில், பயப்பட ஒன்றுமில்லை, நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், ஒரு மாதத்தில் எல்லா வேலையும் செய்யலாம் என்று என்னிடம் விளக்கினார். ஏதோ எனக்கு ஆபரேஷன் என்பதுபோல் நானும் ஆறுதலடைந்தேன்.

ஹில்டா என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னாள்: "பாத்தீங்களா, வயிறு என்னுது, பேச்சு உங்களோட. இந்தாளுக்குக் கண்ணு தெரியாதாட்ட இருக்குது."

டாக்டர் தலையைத் தூக்காமல், தமிழிலேயே, "கண்ணு நன்னாவே தெரியறதும்மா," என்றார். "எங்க வீட்லயும் தமிழ்தான். மேல்கோட்டைக்காரா. கொஞ்சம் பழைய தமிழ், அவ்வளவுதான்."

ப்ரார்த்தனாவுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மைசூரில் தமிழில் ரகசியம் பேசக்கூடாது என்பது சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். பதற்றத்தில் மறந்துபோகும்.

ஹில்டா மன்னிப்புக் கேட்கவில்லை.

"நல்லதாப் போச்சு. அப்பத் தமிழ்லயே சொல்றேன். அன்னிக்கு எனக்கு ஒரு யோசனை இருக்குதுன்னு சொன்னேன். நீங்க யோசனை பண்ண வேணாம்னீங்க."

"கவலைப்படாதீங்கன்னு சொன்னேன்மா."

"எனக்குக் கவலையும் இருக்குது. அது தனி. நாஞ்சொன்னது யோசனை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வார்த்தையை அவர் மனதுக்குள் இரண்டு மொழியிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது.

"சொல்லுங்கோ."

"மொதல்ல ஃபைலைத் திருத்துங்க. எனக்குப் பிள்ளைங்க இல்ல. ஒண்ணு வந்துச்சு. பதினோரு வாரத்துல போயிருச்சு."

"ரெண்டுன்னு போட்டிருக்கே."

"தப்பு. பாதி என்ற தப்பு, பாதி உங்க ஆளுக தப்பு. திருத்துங்க."

டாக்டர் பேனாவைத் தேடினார். கீழே வைத்த பேனா ஃபைல்களுக்கு அடியில் போயிருந்தது. ஹில்டா கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு. வேறு பேனா அவளிடம் இருந்து நான் பார்த்ததில்லை. பி2 எல்2 மேல் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் புது வரி எழுதினார்.

"கையெழுத்தும் தேதியும் போடுங்க டாக்டர்."

போட்டார். ஐந்தாம் வகுப்புப் பையன் போடுகிற மாதிரிதான் போட்டார்.

"இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வேற மாதிரிப் பேசியிருப்பேன்," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை எனக்குச் சுலபமாகிவிடும். ஆனால் அவர் அப்படி இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் பேசினார். கட்டியை மட்டும் எடுக்கலாம். அதில் ரத்தம் அதிகம் போகலாம், கட்டி திரும்ப வரலாம். கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நின்றுவிடும், அதோடு பிள்ளை என்ற பேச்சும் முடிந்தது. மருந்தில் கொஞ்ச காலம் தள்ளிப் பார்க்கலாம். எது செய்வதானாலும் முதலில் ரத்தத்தை ஏற்ற வேண்டும், அதற்கு இரும்பு ஊசி. ஹில்டா இடையிடையே கேட்டாள். எத்தனை பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது? நீங்களே செய்வீர்களா, வேறு ஆளா? வேறு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வந்தால் கோபித்துக்கொள்வீர்களா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்போது நான் பேசினேன்.

"கட்டிய மட்டும் எடுத்துடுங்க டாக்டர். கர்ப்பப்பைய வெச்சிருங்க."

ப்ரார்த்தனா ஹில்டாவைப் பார்த்தாள். ஹில்டா என்னைப் பார்க்கவில்லை. படிவத்தை எடுத்து, 'கணவர் கையெழுத்து' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"டாக்டர், இந்தக் கையெழுத்து சட்டப்படி வேணுமா, இல்ல வழக்கமா வாங்கறதா?"

"வழக்கம்தான்மா. பின்னாடி வீட்ல தகராறு வந்துடக் கூடாதேன்னு."

"தகராறு முன்னாடியே வந்தாச்சுங்க. எப்பப் போடோணுமோ அப்ப நானே போடறேன்."

நான் வரவழைக்கப்பட்ட காரணம் அந்த நிமிடத்தோடு தீர்ந்தது. கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை.

7

கேன்டீனில் நான் டீ வாங்கினேன். அவள் எலுமிச்சை ஜூஸ் வாங்கினாள். இரும்பு மாத்திரை போட்டால் டீ ஆகாது, புளிப்பு நல்லது என்றாள். இதையெல்லாம் எப்போது தெரிந்துகொண்டாள் என்று கேட்டேன். "தனியா இருந்தாத் தெரிஞ்சுக்கோணும்," என்றாள். குத்திச் சொன்ன மாதிரி இல்லை. அதனால் இன்னும் குத்தியது.

"உள்ள எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

"உனக்காகத்தான்."

"பொய்."

டீயைக் குடித்தேன். சூடு ஆறியிருந்தது.

"எனக்காகவும்தான்."

"ம். டாக்டருக்கு உள்ள ஒரு கட்டி தெரியுது. உங்களுக்கு ஒரு பிள்ளை தெரியுது. எனக்கு அங்க என்ன இருக்குதுன்னு கேட்டீங்களா?"

"என்ன இருக்கு?"

"ரத்தம். பதினாலு மாசமா ரத்தம்தான். ராவுல துணி மாத்த எந்திரிச்சா, தொவைக்கற கல்லு மேல தலைய வெச்சுத் தூங்கிப்போறேன். எடுத்து எறிஞ்சிட்டா நல்லா இருக்கும்னு சில நாள் தோணுது. வேற சில நாள், வேணும்னு தோணுது. எதுக்குன்னு தெரியாம வேணும்னு தோணுது. ரெண்டும் நாந்தான்."

"அப்ப எதுக்கு அவ்வளவு சண்டை போட்டுத் திருத்தின?"

"தப்பா இருந்துச்சு, திருத்தினேன். எடுக்கறதுன்னாலும் ரெண்டு பெத்தவன்னு எடுக்க வேணாம். ஒண்ணுமில்லாதவன்னு தெரிஞ்சே எடுக்கட்டும்."

அவளுடைய ஜூஸ் கிளாஸில் ஒரு விதை மிதந்தது. அதை ஸ்ட்ராவால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஒருவேளை எடுக்கலைன்னா," என்றேன், "அப்ப நாம மறுபடியும்"

"முடிக்க வேணாம், மேக்ஸ்வெல்."

முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்களில் அது ஒன்றுதான் நான் நிறுத்தாதது.

வீட்டுக்கு வந்து முடிவுகளை எழுதினேன்.

முடிவு ஒன்று: கட்டியை மட்டும் எடுக்கிறார்கள். ஹில்டா தேறுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறோம், என் வீட்டுத் திருப்பத்தில் அவள் ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறாள். இது மிக நன்றாக வந்தது. ஆட்டோக்காரர்கூட உயிரோடு இருந்தார். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். மயக்கம் தெளியும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் நான் ரொம்ப நல்லவன். அதுதான் இதன் கோளாறு.

முடிவு மூன்றை எழுத மாட்டேன். ரத்தம் ஏழு புள்ளி ஒன்பதில் ஒருத்தி உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போது அதை எழுத எனக்குத் துணிவில்லை.

மறுபடி படித்தபோது ஒன்று தெரிந்தது. முதல் இரண்டிலும் கடைசி வரியில் நான் இருக்கிறேன். அவள் வயிறு, அவள் ரத்தம், அவள் முடிவு. கடைசி வரிக்கு மட்டும் நான் வந்து நிற்கிறேன். டாக்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார் என்று போன பகுதியில் கிண்டல் செய்தேன். நானும் பேப்பரை என் பக்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

8

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். நடுவில் பெங்களூருக்குப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. இரும்பு ஊசியில் ரத்தம் ஒன்பது புள்ளி நாலுக்கு ஏறியிருந்தது. ஊசி போட்ட நாளில் தலை சுற்றுகிறது, வழியில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். அதற்குத்தான் போனேன். ஒரு தடவைகூட அவளுக்குத் தலை சுற்றவில்லை. என் கை வழி முழுக்கத் தயாராக இருந்தது.

எங்களைப் பார்த்ததும் டாக்டர் நாராயண் தமிழில் ஆரம்பித்தார்.

"யோசனை பண்ணினீங்களாம்மா?"

"பண்ணிட்டேனுங்க."

"முடிவு பண்ணியாச்சா?"

"ஆச்சு. அதுக்கு முன்னால ரெண்டு கேள்வி இருக்குது."

கைப்பையிலிருந்து கேள்வித்தாள் ஒன்றை எடுத்தாள். ஐந்தாம் வகுப்பு அறிவியல். பின்பக்கத்தில் அவள் கையெழுத்து நெருக்கமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

என்னிடம் பதில் இருந்தது. பத்து நாள் எழுதித் திருத்திய பதில். உனக்கு எது சரியோ அதைச் செய் ஹில்டா, நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஆரம்பிக்கும். பெருந்தன்மையான பதில். அதன் ஒவ்வொரு வார்த்தையும் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன்.

"அவரு வெளிய இருக்கட்டும் டாக்டர்," என்றாள் ஹில்டா.

டாக்டர் சங்கடப்பட்டார். "இருந்தா பரவால்லையேம்மா. ஆத்துக்காரர்தானே."

"அதனாலதானுங்க." என் பக்கம் திரும்பினாள். "கோவிச்சுக்காதீங்க. வழியில பிடிக்க ஆள் வேணும்னேன். இங்க வேணாம்."

எழுந்தேன். நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது.

இதைப் படிக்கிறவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களை அவள் வெளியே போகச் சொல்லவில்லை. நீங்கள் உள்ளேயே நிற்கலாம். ப்ரார்த்தனாவுக்குப் பக்கத்தில், எடை பார்க்கிற மெஷின் ஓரமாக இடம் இருக்கிறது. அவள் கேட்கிற இரண்டு கேள்வியும் உங்களுக்குக் கேட்கும். அவள் சொல்கிற முடிவும் கேட்கும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் நடந்தேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம் வந்தது. ஏதோ சொல்லத்தான் எழுந்து வருகிறாள் என்று நினைத்து வாசலில் கொஞ்சம் மெதுவானேன். நான் வெளியே முழுதாக வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.